ராணியை மாற்ற மாட்டேன்

தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ராணியைக் கண்டனீரா?" நான் ராணியைத் தேடுவதில்லை. வெளிச்சம் பட்டதும் அவள் அடை கட்டிய மரச்சட்டத்தின் மறுபக்கத்துக்கு ஓடிவிடுவாள். அவளைத் துரத்திக்கொண்டு நின்றால் தேனீக்களுக்குக் கோபம் வரும், எனக்கு நேரம் போகும். நான் தேடுவது முட்டையை.

சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டத்தைச் சற்றுச் சரித்து, தோளுக்கு மேலால் வரும் வெளிச்சம் அறைகளின் அடியில் விழும்படி பிடிக்க வேண்டும். அடியில் வெள்ளை நூல்துண்டு போல ஒன்று நட்டுக்கொண்டு நின்றால் அது புது முட்டை. சாய்ந்திருந்தால் ஒரு நாள் பழையது. படுத்துக் கிடந்தால் பொரிக்கப்போகிறது. அறைக்கு ஒரு முட்டை, நடு அடியில் இருந்தால், கண்ணில் படாவிட்டாலும் ராணி இருக்கிறாள், வேலை செய்கிறாள். ஒரே அறையில் இரண்டு மூன்று, அதுவும் சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தால், ராணி போய்விட்டாள், வேலைக்காரத் தேனீக்கள் தாங்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன என்று பொருள். முட்டைக்குப் பிறகு குடம்பி, பொரித்து வந்த புழு: பால் போன்ற உணவில் பிறையாகச் சுருண்டு கிடக்க வேண்டும், மினுங்க வேண்டும். குடம்பிக்குப் பிறகு மூடிய அறைகள்: மூடி தட்டையாக, பிஸ்கட் நிறத்தில், இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிப் பரவியிருக்க வேண்டும். இந்த வரிசையில்தான் பார்ப்பேன். ஒன்றைப் பார்த்து முடிக்காமல் அடுத்ததற்குப் போக மாட்டேன்.

என் வேலையும் அப்படிப்பட்டதுதான். கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிறேன். முடிவை மனதில் எழுதிவைத்துக்கொண்டு நுணுக்குக்காட்டிக்குள் குனிபவர்களோடு அங்கேயும் எனக்கு ஒத்துப்போவதில்லை.

தேனீக்கள் என்னிடம் தாமாக வந்தவை. கொட்டாஞ்சேனையில் அப்பாவின் வீட்டு மின்மானிப் பெட்டிக்குள் ஒரு கூட்டம் வந்து குடியேறியது. மானி பார்க்க வந்தவர் நெருப்பு வைக்கச் சொன்னார். நான் முடியாது என்றேன். ஒரு சிறிய பயிற்சிக்குப் போய், பெட்டி வாங்கி, அடைகளை வெட்டிச் சட்டங்களில் வாழைநாரால் கட்டி, கூட்டத்தை உள்ளே இறக்கினேன். இரண்டு வருடம் எங்கள் பின்வளவில் அந்தப் பெட்டி நிறைந்து வழிந்தது.

பிறகு கல்யாணம். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம்; அவர் வெள்ளவத்தை, யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். இரண்டு பக்கமும் கோபப்பட்டு, களைத்து, ஒருவாறாகச் சம்மதித்தார்கள். நான் ஒரு நிபந்தனைதான் வைத்தேன்: பெட்டியும் என்னோடு வரும். பொழுதுபட்டுத் தேனீக்கள் எல்லாம் உள்ளே அடைந்த பிறகு, வாசலில் துணியை அடைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் காலி வீதியால் வந்து இறங்கினேன். கேற்றைத் திறந்த மாமி, அவரின் அம்மா, பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஊரில பொம்பிளையள் நகைப்பெட்டியோட வருவினம். எனக்கு வாய்ச்சவள் பூச்சிப்பெட்டியோட வந்திருக்கிறாள்."

"நகை கொட்டாது மாமி. இது கொட்டும். பார்த்துப் பிடியுங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளவத்தை வீட்டின் பின்வளவு ஒடுங்கலானது. ஒரு முருங்கை, தண்ணீர்த் தாங்கி, உடுப்புக் காயப்போடும் கொடி, அதற்கப்பால் பக்கத்துத் தொடர்மாடியின் சுவர். பெட்டியை முருங்கையின் கீழ் ஒரு நாலுகால் ஸ்டாண்டில் வைத்தேன். எறும்பு ஏறாமல் கால்களில் கிறீஸ் பூசினேன். ஒரு மண்தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வைத்தேன். தேனீக்கள் கல்லில் நின்று குடிக்கும். நாள்தோறும் தண்ணீரை மாற்றினேன்.

முதல் மாதம் பிழையில்லை. இரண்டாம் மாதம் பெட்டி வாசலில் போக்குவரத்துக் குறைந்தது. திறந்து பார்த்தேன். முட்டை இருந்தது, நன்றாகவே இருந்தது. சின்னக் குடம்பிகளும் இருந்தன. அதற்குமேல் வெறுமை. பெரிய குடம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் பாதி அறைகள் துடைத்துவிட்டது போல இருந்தன. மூடிய அறைகள் அங்கொன்றும் இங்கொன்றும். சிலவற்றின் மூடியைத் தேனீக்களே கடித்துத் திறந்து உள்ளிருந்ததை வெளியே இழுத்துப் போட்டிருந்தன. புதுத் தேனீ பிறக்காமல் பழையவை மட்டும் கிழண்டுகொண்டிருந்தன. இப்படியே போனால் எங்கள் நாட்டுத் தேனீ பொறுத்திருக்காது. ஒருநாள் மொத்தமாக எழும்பிப் போய்விடும்.

அந்த ஞாயிறு மதியம் மாமியின் தம்பி சாப்பிட வந்திருந்தார். நுகேகொடையில் இருப்பவர், விவசாயப் பகுதியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். அந்தக் குடும்பத்தில் செடி, கொடி, ஆடு, மாடு, மண் எதைப் பற்றியும் கடைசிச் சொல் மாமாவுடையது. கை கழுவப் பின்பக்கம் போனவர் பெட்டி வாசலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, உந்த ராணி முடிஞ்சுது. வேற கதையில்லை. வாற ஞாயிறு நான் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன், புது ராணியோட. பழசை நசுக்கிப்போட்டுப் புதுசை விடவேண்டியதுதான்."

"முட்டை இருக்கு மாமா."

"முட்டை இருந்தென்ன? பிள்ளை தங்கேல்லையே. பிள்ளை தங்காட்டி ராணியை மாத்தோணும். உலகம் முழுக்க அதுதான் முறை."

மேசையில் ஒரு கணம் ஒருவரும் மெல்லவில்லை. என் கணவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். மாமி, "ஆருக்கும் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?" என்று எவரையும் பார்க்காமல் கேட்டார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாதவர்களிடம் ஒவ்வொரு கிழமையும் எவராவது ஒருவர் அதைப் பற்றிக் கேட்பார். நானும் அவரும் எங்களுக்குள் பேசி முடிவெடுத்த விஷயம் அது. அந்த மேசையில் அதை நான் விளக்கவில்லை. இங்கேயும் விளக்கப்போவதில்லை. ஒரு தேனீயைப் பார்த்து என்னைப் படிப்பதையும், என்னைப் பார்த்து ஒரு தேனீயைப் படிப்பதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் வேறு, நான் வேறு.

"காரணம் தெரியாம ஒண்டையும் நசுக்க மாட்டேன் மாமா," என்றேன்.

"உனக்குக் காரணம் தெரியிறதுக்குள்ள பெட்டி வெறும்பெட்டி. அக்கா, பிறகு அதில உங்கட அரிசியைப் போட்டு வையுங்கோ."

அடுத்த நாள் காலையில் மாமி சமையலறையில் தனியாக என்னைப் பிடித்தார்.

"கோபிக்காத பிள்ளை, கேக்கிறன். நீ மாதத் துடக்கோட உதைத் திறந்தனியோ? எங்கட பக்கம் அந்த நேரம் கறிவேப்பிலையும் பிடுங்க விடமாட்டினம். பட்டுப்போகும்."

"திறந்தேன் மாமி. பலமுறை. அதுக்குள்ள இருக்கிறதும் கிட்டத்தட்ட முழுக்கப் பொம்பிளையள்தான். அவங்க ஒண்டும் சொல்லல்ல."

"உன்ர வாய்!" என்றார். அந்த முறை சிரிப்பு வந்துவிட்டது, தேங்காய் துருவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கிழமை வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு காலையும் பெட்டியோடு நின்றேன். ராணிக்கு வயது போயிருந்தால் அவள் உடலில் சேமித்த விந்து தீர்ந்து வேலைக்கார அறைகளிலும் ஆண்குடம்பி வளரும். அதன் மூடி கூம்பி, உச்சியில் ஊசித்துளை போல ஒரு துளையோடு இருக்கும். அப்படி எதுவும் இல்லை. ராணி சொந்தச் சகோதரர்களோடு கலந்திருந்தால் முதலிலிருந்தே அடையில் ஓட்டைகள் தெரிந்திருக்கும். இதே ராணி கொட்டாஞ்சேனையில் ஓரம்வரை நிரப்பியவள். பைநோய் என்றால் குடம்பி தலையைத் தூக்கிக்கொண்டு, நீர் நிறைந்த சிறுபை போலக் கிளம்பும். பற்குச்சியால் நாலைந்தைத் தூக்கிப் பார்த்தேன், பை இல்லை. மெழுகுப் பூச்சி என்றால் நூலும் சுரங்கமும் இருக்கும். பட்டினி என்றால் மகரந்தம் இருக்காது; மஞ்சளும் செம்மஞ்சளுமாகச் சேமிப்பு கிடந்தது. எங்கள் ஒழுங்கை வழியே டெங்கு நுளம்புக்குப் புகையடிக்கிறார்களே, அதுவா? அது வளர்ந்த தேனீயைத்தான் முதலில் விழுத்தும். பெட்டிக்கு முன்னால் செத்த தேனீக் குவியல் இல்லை. வளர்ந்தவை பறக்கின்றன, மகரந்தம் கொண்டுவருகின்றன, கொட்டுகின்றன. ராணி முட்டையிடுகிறாள். இடையில் ஏதோ ஒன்று குடம்பியை மட்டும் நிறுத்துகிறது. அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

சனிக்கிழமை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் துப்புரவு. சுகாதாரப் பரிசோதகர் வந்து தேங்கிய தண்ணீரைக் கண்டால் தண்டம் எழுதுவார் என்பதால் அந்த ஒழுங்கையில் எல்லா வீடுகளிலும் அதுதான் முறை. மற்ற சனிக்கிழமைகளில் எனக்குக் காலை வேலை. அன்று ஒரு சிநேகிதியோடு முறை மாற்றியிருந்ததால் வீட்டில் நின்றேன். மாமி ஒரு கையில் யோகட் கப்பும் மறு கையில் தேக்கரண்டியுமாகச் சுற்றிவந்தார். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டில் ஒரு கரண்டி. குரோட்டன் சட்டிகளின் கீழ்த்தட்டுகளில் ஒவ்வொரு சிட்டிகை. கூரைப் பீலியின் வாயில் ஒரு கரண்டி. பிறகு முருங்கையின் கீழே வந்து, தேனீக்கள் வரிசையாக நின்று குடித்துக்கொண்டிருந்த என் மண்தட்டில், அவற்றுக்கு நோகாமல் ஓரமாக, கூழாங்கற்களுக்கு இடையில் ஒரு சிட்டிகையைத் தூவினார்.

"மாமி, என்ன அது?"

"நுளம்பு மருந்துதான். ஒழுங்கைக் குழு குடுத்தது."

"எப்ப இருந்து போடுறீங்க?"

"உன்ர தட்டு வந்த கையோட. நீ மாத்துவாய்தான், எண்டாலும் ஒருநாள் மறந்தியெண்டா?" என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "இது ஒண்டையும் கொல்லாது பிள்ளை. மனிசர் குடிக்கிற தண்ணியிலும் போடலாமாம். பறக்கிற நுளம்புக்கும் ஒண்டும் செய்யாது. குடம்பியை மட்டும் வளர விடாது. அவ்வளவுதான்."

யோகட் கப்பை வாங்கிப் பார்த்தேன். மணல் போன்ற குருணை, மணமில்லை. நான் நாள்தோறும் தண்ணீரைச் சாய்த்து ஊற்றியிருக்கிறேன். கற்களை எடுத்துக் கழுவியதில்லை. குருணை கற்களுக்கு இடையில் தங்கி, நான் ஊற்றிய ஒவ்வொரு புதுத் தண்ணீரிலும் கரைந்திருக்கிறது. தேனீக்கள் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் குடம்பிக்கு ஊட்டும் உணவில் கலந்திருக்கின்றன.

நான் கத்தவில்லை. கத்துவதற்கு எனக்கு உரிமையும் இல்லை. மழைக்காலத்தில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும் குழாய்களில் பிளேட்லெட் எண்ணுபவள் நான். மாமியே ஒருமுறை டெங்கு வந்து ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்து பிழைத்தவர். அந்த மருந்துக்கு எதிராக ஒரு சொல் சொல்ல மாட்டேன். இந்தத் தட்டில் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். மாமி கரண்டியைக் கப்புக்குள் குத்தி வைத்துவிட்டுத் தேனீக்களைப் பார்த்தார்.

"அப்ப நானோ?"

"நீங்க நுளம்புக்குப் போட்டீங்க மாமி."

"தட்டில மருந்தில்லாட்டி நுளம்பு முட்டை போடுமே?"

தட்டையே எடுத்துவிட்டேன். பழைய சாக்கு ஒன்றைப் பைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக நனையும்படி கொடியில் தொங்கவிட்டேன். ஈரச் சாக்கில் தேனீ உறிஞ்சும், நுளம்பு பெருகாது. மாமி சாக்கை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "வடிவில்லை. எண்டாலும் பரவாயில்லை," என்றார்.

ஆனால் மறுநாள் ஞாயிறு. மாமா புது ராணியோடு வருகிற நாள். தண்ணீர்தான் காரணம் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இன்று இடும் முட்டை பொரித்து, குடம்பி பெருத்து, அறை மூடப்பட ஒரு கிழமைக்கு மேலாகும். பொழுதுபட, வாசல் படியில் இருந்து என் கணவர் கேட்டார்:

"நாளைக்கு மாமாவுக்கு என்னத்தைக் காட்டப்போறீர்?"

"ஒண்டும் இல்ல."

"அவர் விடமாட்டார். குடும்பத்தில அவற்ற சொல்லை ஒருத்தரும் தட்டினதில்லை."

"அப்ப நான் தட்டுறேன்."

"நீர் பிழையெண்டால்?"

"பிழையெண்டா பெட்டி போகும். என்ர பெட்டிதானே. ஆனா அவர் சொல்லுறார் எண்டதுக்காக, வேலை செய்யுற ஒரு ராணியைக் கொல்ல நான் விடமாட்டேன். புது ராணி வந்திருந்தாலும் இதே தண்ணிதான் குடிச்சிருக்கும்."

தேனீ என்றால் என் கணவருக்குப் பயம். அதுவரை பின்வளவுக் கம்பிவலைக் கதவைத் தாண்டி வந்ததே இல்லை. "சட்டத்தைப் பிடிக்க ஒரு ஆள் தேவையெண்டா நான் வாறன்," என்றார்.

ஞாயிறு பத்து மணிக்கு மாமா வந்தார். கூடவே, அவர் வீட்டுப் பக்கம் தேனீ வளர்க்கும் ஒரு சிங்கள மனிதர், சட்டைப்பையில் தீப்பெட்டி அளவான கம்பிவலைக் கூண்டோடு. அதற்குள் புது ராணியும் நாலைந்து தோழிகளும். மாமா என்னிடம் கேட்கவில்லை. நேரே பின்பக்கம் நடந்தார். நான் முந்திக்கொண்டு போய்ப் பெட்டியின் முன் நின்று, மூடியை நானே திறந்தேன். சட்டத்தை எடுத்து என் கணவரின் கையில் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார்.

"மாமா, இதில பாருங்க. அறை அடியில. முட்டை."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, வெயில் பின்னால விழோணும்."

"தெரியேல்லை எண்டு சொல்லுறன்!"

வந்த மனிதர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு மாமாவிடம் சிங்களத்தில், ராணி நன்றாகத்தானே இடுகிறாள், பாவம், ஏன் கொல்ல வேண்டும் என்றார். மாமா அவரை முறைத்தார். அப்போது எதிர்பாராமல் ராணியே சட்டத்தின் விளிம்பால் சுற்றி எங்கள் பக்கம் வந்தாள். நீண்ட கருத்த வயிறு, அவசரமில்லாத நடை, தேனீக்கள் அவளுக்கு வழிவிட்டு விலகின.

"அந்தா!" என்று மாமா அவளை நசுக்க இரண்டு விரலை நீட்டினார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அந்தக் குடும்பத்தில் மருமகள் ஒருத்தி அவரைத் தொட்டது அதுதான் முதல்முறையாக இருக்கும்.

"இது என்ர பெட்டி மாமா. கையை எடுங்க."

"என்ன கதைக்கிறாய் நீ? அக்கா, பாத்தீங்களோ?"

மாமி கம்பிவலைக் கதவுக்குப் பின்னால் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மருந்தைப் பற்றி நானும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் மாமா கையை உடனே எடுத்திருப்பார், அது தெரியும். ஆனால் அது மாமியின் கதை, சொல்வதானால் அவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு முட்டையே போதும். மாமாவின் கையை விட்டேன். அவர் அதை மறுபடி நீட்டவில்லை. சட்டத்தை வாங்கி மெல்ல உள்ளே இறக்கி, மூடியை வைத்து, அதன் மேல் செங்கல்லையும் வைத்தேன்.

"ஐயாவுக்குத் தேத்தண்ணி போடட்டா?" என்று கூண்டோடு வந்தவரைச் சிங்களத்தில் கேட்டேன். அவர் குடித்தார். மாமா குடிக்காமல் காரில் போய் உட்கார்ந்திருந்தார். புறப்படும்போது கண்ணாடியை இறக்கி, "இரண்டு கிழமையில என்னட்டத்தான் வருவாய்," என்றார். "வந்தா வெறுங்கையோட வரமாட்டேன் மாமா, தேனோட வருவேன்," என்றேன். என் கணவருக்கு மணிக்கட்டில் ஒரு கொட்டு விழுந்து வீங்கியிருந்தது. அதை அன்று முழுக்க எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அதன் பிறகு பெட்டியைத் திறக்காமல் இருந்ததுதான் கடினம். திறந்து திறந்து பார்த்தால் கலைந்து போய்விடும். பக்கத்துத் தொடர்மாடியில் எவரோ சம்பல் அரைக்கும் கிரைண்டர் சத்தத்துக்கும் பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன், கூட்டம் எழும்பும் இரைச்சலோ என்று. வேலையால் வந்ததும் செருப்பைக் கழற்றாமல் பின்பக்கம் போய் வாசலைப் பார்ப்பேன். சில நாட்களில் எனக்கு முன்பே மாமி அங்கே நின்றிருப்பார், சாக்கு நனைந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்வார்.

இரண்டு கிழமை கழிந்து ஞாயிறன்று திறந்தேன். முதல் சட்டத்தில் தேன். அதை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தேன். முட்டை இருந்தது. குடம்பி இருந்தது, சின்னது, நடுத்தரம், அறையை அடைத்துக்கொண்டு கொழுத்தது, எல்லாம் மினுங்கிக்கொண்டு. நடுவில் என் உள்ளங்கை அளவுக்கு மூடிய அறைகள், தட்டையாக, பிஸ்கட் நிறத்தில், இடையில் ஒரு ஓட்டைகூட இல்லாமல். அதே ராணி. "மாமி, அறையெல்லாம் மூடிக் கிடக்கு!" என்று ஜன்னல் பக்கம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், தேவைக்கு அதிகமாகவே நின்றேன் என்று நினைக்கிறேன்.

உள்ளே தொலைபேசி அடித்தது. சமையலறை ஜன்னல் திறந்திருந்ததால் மாமியின் பக்கப் பேச்சு மட்டும் கேட்டது.

"ஓம் தம்பி... ஓம், திறந்துகொண்டுதான் நிக்கிறாள்... இல்லை, மாத்தேல்லை. அதே ராணிதான்... எழும்பிப் போகேல்லை. மூடி மூடிக் கிடக்குதாம், வேணுமெண்டா வந்து பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா." சற்று நிறுத்தினார். "ராணியில என்னடா பிழை? பிழை தண்ணியில. தண்ணியில மருந்து... ஆர் போட்டதோ? நான்தான் போட்டனான். உனக்கு இப்ப என்ன செய்யோணும்?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ தெரியாது. மாமி தொலைபேசியை வைத்தார். நான் மூன்றாவது சட்டத்தை எடுத்தேன்.